எதிரேறிய ஏடு: சமயமும் சான்று கேட்டலும் குறித்துச் சில குறிப்புகள்

கடவுள் உண்டு என்கிறவரிடம் 'எங்கே, காட்டு பார்க்கலாம்' என்று கேட்பது பகுத்தறிவுக்காரர்களின் தனிச்சொத்து என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. நம்புகிறவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார், நம்பாதவர் சான்று கேட்பார். பட்டிமன்றத்துக்கு இது போதும். தமிழ்ப் பிரதிகளுக்குள் போய்ப் பார்த்தால் காட்சி வேறாக இருக்கிறது. அங்கே சான்று கேட்பதில் முன்னால் நிற்பவர்கள் நம்பிக்கையாளர்களே. தம்மைப் பார்த்து அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. பக்கத்துச் சமயத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். அதுவும் தனியாக இருக்கும்போது கேட்பதில்லை. மூன்றாவது ஆள் ஒருவர், பெரும்பாலும் அரசர், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்கிறார்கள்.

இதை இப்போது பேச என்ன தேவை என்றால், 2007 செப்டம்பரை நினைவுபடுத்த வேண்டும். சேதுசமுத்திரத் திட்ட வழக்கில் இந்தியத் தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. வால்மீகி ராமாயணம் முதலான நூல்களை வைத்துக்கொண்டு அவற்றில் வரும் பாத்திரங்கள் வாழ்ந்ததாக மறுக்கமுடியாதபடி நிறுவ இயலாது என்பது அதன் சாரம். இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அதிகாரிகள் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதே மாதம், அப்போது முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி, பாலம் கட்டிய ராமன் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தவன் என்ற பொருள்படக் கேட்டார். நாடெங்கும் கூச்சல். கேள்வி கூர்மையானதுதான், ஈரோட்டு மரபில் வந்தவர் கேட்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் கேள்வி யாரையும் அசைக்கவில்லை என்பதையும் பார்த்தோம். நம்பியவர்கள் இன்னும் உறுதியாக நம்பினார்கள். 'இதோ சான்று' என்று செயற்கைக்கோள் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நிரூபி என்று கேட்டால் நிரூபணம் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும்.

'பிரமாணம்' என்கிற தருக்கச் சொல் நீதிமன்றத்துப் பத்திரத்தின் பெயரில் ஏறி உட்கார்ந்திருப்பது ஏதோ தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்பவர் யார், யாரிடம் கேட்கிறார், எந்த அவையில், தோற்றவருக்கு என்ன நேரும் — இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் 'சான்று உண்டா, இல்லையா' என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் நாம் எதைத் தவறவிடுகிறோம் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் விஷயம்.

மணிமேகலையிலிருந்து தொடங்கலாம். இருபத்தேழாவது காதையில் மணிமேகலை வஞ்சிமாநகரில் ஆண் தவசியின் வேடத்தில் திரிகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேரிடம் போய் 'உம் கொள்கை என்ன' என்று கேட்கிறாள். முதலில் பேசுகிற அளவைவாதி எதைச் சான்றாகக் கொள்வது என்பதற்கே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்: காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கிப் பத்து அளவைகள். அதில் எத்தனையை ஏற்பது என்பதில் ஆசிரியர்களுக்குள் சண்டை. பத்து என்பார் ஒருவர், எட்டு என்பார் ஒருவர், ஆறு போதும் என்பார் இன்னொருவர். பின்னால் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் கற்றுத்தரும் பௌத்தத் தருக்கமோ காண்டல், கருதல் என்ற இரண்டோடு முடித்துக்கொள்கிறது. ஆக, சான்று என்பது எல்லாருக்கும் பொதுவான ஒரு தராசு அல்ல. ஒவ்வொரு சமயமும் தன் தராசைத் தானே செய்துகொண்டு வருகிறது. 'ஆகமம் சான்றா' என்ற கேள்விக்கு விடை சொன்ன மாத்திரத்தில் பாதி வழக்கு முடிந்துபோகிறது. பத்தாயிரம் பக்கம் வாதாடினாலும் மீதிப் பாதி அங்கேதான் கிடக்கும்.

பத்துப் பேரையும் கேட்ட பிறகு மணிமேகலை சொல்கிறது முக்கியம். இவை நல்லவையாகப் படவில்லை, ஆனாலும் நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை என்கிறாள். கடைசி ஆள் பூதவாதி. கண்ணால் கண்டதே மெய், கருதல் அளவை கிடையாது, மறுபிறப்பும் கிடையாது என்கிற ஆள். மணிமேகலைக்கோ தன் முற்பிறப்புத் தெரியும். மணிபல்லவத்துப் பீடிகையைத் தொழுது அறிந்தவள் அவள். முற்பிறப்பை அறிந்தவரும் உண்டே என்று அவள் சிரிக்க, அதெல்லாம் தெய்வ மயக்கம், கனவு மாதிரி என்று பூதவாதி தள்ளிவிடுகிறார். அப்போது அவள் கேட்பது: கருதல் அளவை இல்லையென்றால் உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று எப்படியய்யா அறிந்தாய்?

தருக்க நூல் பார்வையில் இது நேர்த்தியான மறுப்பு. காட்சி மட்டுமே சான்று என்பவர் தம் பிறப்புக்கே சாட்சி கொண்டுவர முடியாது. ஆனால் கேட்பவள் யார் என்று பாருங்கள். மாதவியின் மகள். தகப்பன் யார் என்ற கேள்வியைக் கணிகையர் குலத்துப் பெண்ணைப் பார்த்துத்தான் ஊர் கேட்கும். அந்தக் கேள்வியை அவள் ஆண்வேடத்தில் நின்றுகொண்டு ஒரு வாதியைப் பார்த்துத் திருப்பிக் கேட்கிறாள். சாத்தனார் இதை நினைத்து எழுதினாரா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பிரதியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் காட்சியில் இல்லாதவை இரண்டு. நடுவர் இல்லை. பந்தயமும் இல்லை. தோற்ற பூதவாதி எதையும் இழப்பதாகச் சொல்லப்படவில்லை. இதைச் சொல்லும்போது பௌத்தத்தைத் தூக்கிவைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மணிமேகலையும் ஒரு சமயத்தின் பிரசாரப் பிரதிதான், பத்துப் பேரில் சிலருக்கு வாய்ப்பது சில வரிகளே. யாரை எவ்வளவு பேசவிடுவது என்பது எழுதியவர் கையில் இருந்தது. அந்த அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் இன்று நம்மிடம் முழுதாக இல்லை. அதை மறுக்கப் பிறந்த சமணநூலான நீலகேசி இருக்கிறது. தோற்றவள் சொன்னது என்ன என்பதை வென்றவளின் உரைகாரர் எடுத்துக்காட்டிய துணுக்குகளிலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சைவத்தில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு மதங்களை அவரவர் கொள்கை இது என்று சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறது. அந்த நாகரிகமாவது இருந்தது எனலாம்.

நடுவரும் பந்தயமும் வந்து சேர்கிற இடம் மதுரை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானசம்பந்தரைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழ அரசவையோடு தொடர்புள்ள சேக்கிழார் எழுதுகிறார். இந்த ஐந்நூறு வருஷ இடைவெளியை மறக்காமல் வாசிக்க வேண்டும். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அழைக்கச் சம்பந்தர் மதுரை வருகிறார். அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்படுகிறது. அந்தத் தீ வெப்பு நோயாகப் பாண்டியனைப் பற்றுகிறது. உடம்பின் இடப்பக்கம் சமணருக்கு, வலப்பக்கம் சம்பந்தருக்கு. சம்பந்தர் திருநீறு பூசிய பக்கம் குளிர்கிறது, மறுபக்கம் கொதிக்கிறது. அதாவது முதல் சோதனை நடப்பதே நடுவரின் உடம்பில். இதற்கு மேல் நடுநிலைமை எங்கே வரும்?

அடுத்தது சேக்கிழாரின் நுட்பமான ஓர் இடம். உங்கள் கொள்கையைப் பேசுங்கள் என்று சம்பந்தர் சொல்கிறார். பேச்சு நடப்பதற்கு ஒரு வாய்ப்பு அங்கே திறக்கிறது. ஆனால் நோய் நீங்கிய அரசன் சமணரைப் பார்த்து, என் நோயைத் தீர்க்கமுடியாத உங்களுக்கு இனி என்ன வாது என்கிறான். ஏளனம்தான் அது. சமணரோ அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். என்ன வாதா? அவரவர் கொள்கையை ஏட்டில் எழுதி நெருப்பில் இடுவோம், வேகாதது மெய் என்கிறார்கள். சொல்வாதம் அனல்வாதமாக மாறியது இந்த ஒரு நொடியில். அனல்வாதத்தைச் சமணரே கேட்டார்கள் என்று சொல்வது வென்றவர்களின் பிரதி என்பது உண்மைதான். ஆனாலும் அரசனுடைய ஏளனம்தான் வாதத்தின் வடிவத்தை நிர்ணயித்தது என்பதையும் அதே பிரதி மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

நெருப்பில் சமணர் ஏடு கருகுகிறது. சம்பந்தரின் திருநள்ளாற்றுப் பதிகம் பச்சையாகவே இருக்கிறது. இனி வைகை. சமணர் தம் கொள்கையின் சாரமாக ஏட்டில் எழுதி ஆற்றில் விடுவது 'அத்தி நாத்தி' என்ற சொல்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அஸ்தி, நாஸ்தி: உண்டு, இல்லை. சமணத் தருக்கத்தில் ஒரு பொருளைப் பற்றி ஒற்றையாக 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிட முடியாது. குடம் குடமாக உண்டு, துணியாக இல்லை. இந்த இடத்தில் உண்டு, அந்த இடத்தில் இல்லை. இன்று உண்டு, வனைவதற்கு முன் இல்லை. எந்தக் கூற்றுக்கும் முன்னால் 'ஒருவகையில்' என்ற பொருள் தரும் 'சியாத்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு, உண்டு, இல்லை, உண்டுமாம் இல்லையுமாம், சொல்லமுடியாது என்று ஏழு விதமாக அவர்கள் பேசுவார்கள். அதற்குச் சியாத்வாதம் என்று பெயர். நிகண்டவாதிகளை மற்ற சமயத்தார் கேலிசெய்ததும் இதை வைத்துத்தான்: உண்டும் இல்லையும் என்றால் என்னப்பா அர்த்தம், ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை.

இப்படிப்பட்ட கொள்கையை ஓர் ஏட்டில் எழுதி, ஓடும் ஆற்றில் போட்டு, எதிரேறினால் மெய், அடித்துக்கொண்டு போனால் பொய் என்று சோதித்தால்? ஏடு எந்தப் பக்கம் போனால் என்ன, ஆற்றில் இறங்கியபோதே அந்தக் கொள்கை தோற்றுவிட்டது. 'ஒருவகையில்' என்பதற்கு அந்தச் சோதனையில் இடமே கிடையாது. வைகைக்கு இரண்டே திசை. 'அத்தி நாத்தி'யை ஆற்றில் இறக்கிவிட்டவர்கள் தங்கள் தத்துவத்தைத் தாங்களே கைவிட்டவர்கள். அதைச் செய்யாமல் அரசவையில் நிற்க வழியில்லை என்கிற நிலை அவர்களுக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகச் சுருக்கி, ஆம், இல்லை என்று பதில் கேட்பதுதான் அவையின் வேலை. அந்தச் சுருக்கலுக்குள் அடங்குகிற நம்பிக்கையே அங்கே வெல்லும்.

சம்பந்தர் விட்ட ஏட்டில் இருந்தது திருப்பாசுரம். அதில் வேந்தனுக்கு வாழ்த்து இருக்கிறது. அந்த வாழ்த்தால்தான் பாண்டியனின் கூன் நிமிர்ந்தது என்கிறது பெரியபுராணம். கூன்பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆகிறான். நடுவரை நிமிர்த்திவிடுகிற சான்று! ஏடு எதிரேறிப் போய் நின்ற இடம் திருவேடகம், சோழவந்தானுக்குப் பக்கத்தில். ஓலை இல்லாவிட்டாலும் ஊர்ப்பெயர் இருக்கிறதே என்பார்கள். அதுவும் ஒரு அளவைதான். ஐதிகம் என்று அளவைவாதியின் பட்டியலில் இருக்கிறது.

பந்தயத்துக்கு வருவோம். மூன்றாவது முறையும் தோற்றால் என்ன செய்வது என்று கேட்டுத் தண்டனையை முன்கூட்டியே முடிவுசெய்ய வைப்பவர் அமைச்சர் குலச்சிறையார். சமணர் கோபத்தில் வாய்சோர்ந்து, தோற்றால் எங்களை இவ்வேந்தனே கழுவேற்றட்டும் என்று சொல்லிவிடுகிறார்களாம். பிறகு எண்ணாயிரம் பேர். சம்பந்தர் அதைத் தடுத்திருக்கலாமே என்று சேக்கிழாருக்கே உறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஒரு விளக்கம் எழுதியிருக்கமாட்டார். சம்பந்தருக்குப் பகை எதுவும் இல்லை, ஆனாலும் சைவர் வாழ்ந்த மடத்துக்குச் சமணர் தீ வைத்ததால், அரசன் செய்கையை விலக்காமல் இருந்தார் என்கிறார். உண்மை எது என்று பார்க்கத் தொடங்கிய சோதனை, முடிகிற இடத்தில் பழிக்குப் பழியாக நியாயப்படுத்தப்படுகிறது. மூன்று முறை நிறுவிக் காட்டிய பிறகும் மடத்துத் தீயைச் சொல்லித்தான் கழுவுக்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. அப்படியானால் நிரூபணம் எதற்கு?

கழுவேற்றம் நடந்ததா என்பது வேறு கேள்வி. அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் அதைச் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரி அதை வரலாறாக ஏற்கவில்லை. எண்ணாயிரம் என்பது கணக்கா குழுப்பெயரா என்ற விவாதமும் இருக்கிறது. இதில் எனக்கு வியப்பளிப்பது, சைவர் சிலரே இன்று 'ஆதாரம் எங்கே' என்று கேட்கிறார்கள் என்பது. அனலிலும் புனலிலும் சான்று காட்டிய கதையைக் கல்வெட்டு கேட்காமல் நம்புகிறவர்கள், அதே பாடலின் தொடர்ச்சியாக வரும் கழுவுக்கு மட்டும் கல்வெட்டு கேட்கிறார்கள். மறுபக்கம், ஓலை நெருப்பில் வேகாமல் இருக்குமா என்று சிரிக்கிற பகுத்தறிவுக்காரர், கழுவை மட்டும் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பிரித்துப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். கழு நடந்ததோ இல்லையோ, அப்படி நடந்ததாகச் சொல்லி மகிழ்வது ஒரு சமூகத்துக்கு ஐந்நூறு வருஷம் கழித்துத் தேவைப்பட்டது. அதற்குச் சான்று அந்தப் பிரதியே.

அரசன் போய்க் கம்பெனி வந்த பிறகு அவை மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலோடு விவிலியத் தமிழாக்கத்தில் வேலைசெய்த ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகார'த்தில் பாதிரிமாருடைய வேதத்தையே எடுத்துவைத்து, நீங்கள் பழிக்கிற கிரியைகள் உங்கள் புத்தகத்திலும் உண்டே என்று காட்டினார். நெருப்பும் ஆறும் போய் அச்சுயந்திரம் வந்தது. இங்கே தோற்றவருக்குக் கழு இல்லை, அடுத்த துண்டுப்பிரசுரம் உண்டு. அந்த அளவில் இது முன்னேற்றமே. ஆனால் கோயில், நிலம், வழி, ஊர்வலம் என்று வந்தால் துண்டுப்பிரசுரம் போதாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கோர்ட் என்றதும் அயோத்தி. பாபர் மசூதி இருந்தபோதே, 1990–91இல், விசுவ ஹிந்து பரிஷத்தும் மசூதித் தரப்பும் அரசின் முன்னிலையில் சான்றுகளைப் பரிமாறிக்கொண்டன. 1991 மே மாதம் ஆர்.எஸ். சர்மா, சூரஜ் பான், எம். அதர் அலி, டி.என். ஜா ஆகிய நான்கு வரலாற்றறிஞர்கள், மசூதிக்கு முன் அங்கே ராமர் கோயில் இருந்ததாகச் சான்றில்லை என்று நாட்டு மக்களுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். நேர்மையான, துணிச்சலான வேலை. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் அந்த அறிக்கை தனக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு கேள்வியை ஒப்புக்கொண்டது: கீழே கோயில் இருந்ததா, இல்லையா? இருந்திருந்தால் என்ன, அதற்காக நானூறு வருஷத்துக்கு மேல் நின்ற மசூதியை இடிக்கலாமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. அத்தி நாத்தியை மறுபடியும் ஆற்றில் இறக்கியாயிற்று.

1992 டிசம்பர் 6இல் மசூதி இடிக்கப்பட்டது. சோதனையின் முடிவுக்கு யாரும் காத்திருக்கவில்லை. அடுத்த மாதமே மத்திய அரசு, குடியரசுத் தலைவர் வழியாக, மசூதிக்கு முன்னால் அங்கே இந்துக் கோயில் இருந்ததா என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. அதற்கு விடை சொல்ல 1994இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனக்குத் தெரிந்து, இந்த முழு வரலாற்றிலும் நடுவர் ஒருவர் 'இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லமாட்டேன்' என்ற அபூர்வமான இடம் அது. நிலைக்கவில்லை. 2003இல் அலகாபாத் உயர் நீதிமன்ற ஆணைப்படி தொல்லியல் துறை தோண்டியது. வைகைக்குப் பதிலாக மண்வெட்டி.

2019 நவம்பர் 9 தீர்ப்பை அமைதியாக வாசித்தால் விநோதமாக இருக்கும். நம்பிக்கையின் அடிப்படையில் நிலவுரிமையைத் தீர்மானிக்க முடியாது என்கிறது. கீழே கிடைத்தது பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, இஸ்லாமியமல்லாத கட்டிடம். மசூதி கட்ட அதை இடித்தார்கள் என்பதற்குத் தொல்லியல் சான்று இல்லை என்கிறது. 1949 டிசம்பரில் சிலைகள் வைக்கப்பட்டதும் 1992இல் மசூதி இடிக்கப்பட்டதும் சட்டத்துக்குப் புறம்பானவை என்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, உடைமை பற்றிய சான்றுகளின் எடையைப் பார்த்து, 2.77 ஏக்கரும் ராம்லல்லாவுக்கு என்கிறது. மசூதிக்கு வேறிடத்தில் ஐந்து ஏக்கர். பின்னிணைப்பாக, நீதிபதி ஒருவர் பெயர் குறிப்பிடாமல் எழுதிய பகுதி, அந்த இடமே ராமன் பிறந்த இடம் என்ற நம்பிக்கைக்கான சான்றுகளை நூறு பக்கங்களுக்கு மேல் அடுக்குகிறது. ஆக, கோயில் இடிப்பை நிறுவ வந்தவர்கள் அதை நிறுவவில்லை. ஆனாலும் வென்றார்கள். மதுரையில் நிரூபித்த பிறகும் கழுவுக்கு வேறு காரணம் தேவைப்பட்டதல்லவா, இங்கே நிரூபிக்காமலே இடம் கிடைத்தது. இரண்டிலும் சான்று வேறொரு காரியத்துக்கான ஏற்பாடாகவே நிற்கிறது.

இதனால் சான்றே கேட்கக்கூடாது என்று நான் சொல்வதாகப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எரிந்தது யார் வீடு, ஊர்வலத்தில் ஆயுதம் கொண்டுவந்தது யார், செத்தது எத்தனை பேர் என்பதற்கெல்லாம் சான்று கேட்டே ஆக வேண்டும். அங்கேதான் நாம் போதுமான அளவு கேட்பதில்லை. பிறந்தானா, பாலம் கட்டினானா, ஏடு வெந்ததா என்பவற்றுக்குக் கேட்கிறோம். மணிமேகலை பூதவாதியிடம் கேட்டது வேறு மாதிரி: உன் தராசில் உன்னையே நிறுத்துப் பார், நிற்குமா? அந்தக் கேள்விக்கு நடுவர் தேவையில்லை.

மதுரையிலேயே இன்னொன்று. மதுரையைச் சுற்றிச் சமணருக்குரியனவாகச் சொல்லப்படும் எண்பெருங்குன்றங்களில் ஒன்று பரங்குன்றம். சம்பந்தர் பாடிய தலமும் அதுவே. பாண்டியர் குடைந்த முருகன் கோயில் கீழே, சிக்கந்தர் தர்கா மேலே. மலை யாருக்கு என்ற வழக்கில் 1923இல் மதுரை சார்பு நீதிமன்றமும் 1931இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் தீர்ப்புச் சொல்லி, தர்காவும் நெல்லித்தோப்பும் அங்கே போகும் படிகளும் முஸ்லிம்களுக்கு, மற்றது கோயிலுக்கு என்று ஆகியிருந்தது. 2025இல் மறுபடியும் போராட்டம், ஊர்வலம், மதுரைக் கிளையில் வழக்கு. மலைமேல் நிற்கிற கல்தூண் ஒன்று தீபத்தூணா வேறு எதுவுமா என்பது அந்த வழக்கில் ஒரு கேள்வியாயிற்று. அதே மலையின் குகையில் கற்படுக்கைகளும் இரண்டாயிரம் வருஷப் பழமையுள்ள தமிழிக் கல்வெட்டுகளும் உள்ளன. அவை எந்தக் கொள்கையையும் நிறுவவில்லை. படுக்கையருகே வெட்டியிருப்பது எருக்காட்டூர் ஈழக்குடும்பிகன் ஒருவனின் பெயரும் அதைச் செய்தவன் பெயரும்தான்.